ஒன்பது வட்டங்களும் ஒரு கொலையும்: ஜப்பானிய வாள் உறுப்புகளில் குடும்பச் சின்னத்தைப் படிப்பது எப்படி?

1747-ஆம் ஆண்டு, இன்றைய டோக்கியோவில் இருந்த எடோ கோட்டைக்குள், குமமோத்தோ நிலப்பிரபு ஹொசொகாவா முனெதாகா கழிப்பறைக்குப் போன இடத்தில் வெட்டப்பட்டு உயிரிழந்தார். வெட்டிய இதாகுரா கட்சுகானே, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் நேரடிப் பணியாளர்களில் ஒருவர். அவர் குறிவைத்தது முனெதாகாவை அன்று. தம் சொந்தக் குலத்தின் தலைவரான இதாகுரா கட்சுகியோவை. ஹொசொகாவா குடும்பத்தின் சின்னம் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் எட்டு வட்டங்களும் கொண்டது. இதாகுரா குடும்பத்தின் சின்னத்தில் அதே ஒன்பது இடங்களிலும் நீர்ச்சுழி வடிவங்கள் இருக்கும். உடையில் இருந்த சின்னத்தை மாற்றிப் படித்ததால் ஆள் மாறிப் போனது என்பதே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். அந்தச் சம்பவத்துக்குப் பின் ஹொசொகாவா குடும்பம் சுற்றியுள்ள எட்டு வட்டங்களைச் சிறிதாக்கி, நடு வட்டத்திலிருந்து விலக்கி வைத்துத் தன் சின்னத்தையே திருத்திக்கொண்டது.

சின்னங்களோடு அன்றாடம் புழங்கியவர்களே, ஓர் ஆளின் உடையில் தெளிவாகத் தெரியும் அளவில் இருந்ததை மாற்றிப் படித்தார்கள் என்றால், இருநூறு முந்நூறு ஆண்டுகள் தேய்ந்த ஓர் உலோகத் துண்டில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் இருப்பதைப் படிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஏலப் பட்டியல்களிலும் விற்பனை விளம்பரங்களிலும் 'தொகுகாவா குடும்ப வாள்', 'ஷிமாசு குலத்து வாள்காப்பு' என்ற வரிகள் தாராளமாக வருகின்றன. இத்தகைய கூற்றுகளுக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இது என்ன சின்னம் என்பது முதல் கேள்வி. பொறுமையும் நல்ல பூதக்கண்ணாடியும் இருந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இது யாருடைய பொருள் என்பது இரண்டாவது கேள்வி. சின்னத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடிவது அரிது.

காமோன்: அடிப்படைச் செய்திகள்

ஜப்பானில் குடும்பச் சின்னத்துக்குக் காமோன் என்று பெயர், சுருக்கமாக மோன். ஹெயான் காலத்துப் (794–1185) பிரபுக்கள் தங்கள் வண்டிகளிலும் ஆடைகளிலும் வைத்துக்கொண்ட அழகு வடிவங்களிலிருந்து இது வளர்ந்தது. பின்னர் போர்வீரர் குலங்கள் கொடிகளிலும் கூடாரத் திரைகளிலும் இதைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, களத்தில் நம்மவர் யார், எதிரி யார் என்று தூரத்திலிருந்தே பிரித்தறியும் வேலை இதன் தலையில் விழுந்தது. 15-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கென்மோன் ஷொகாமோன்' என்ற ஏடு 250-க்கும் மேற்பட்ட சின்னங்களைப் பதிவு செய்திருக்கிறது. இன்றைய தொகுப்புகளில் உட்பிரிவுகளையும் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேல் உண்டு.

ஐரோப்பியக் குலமரபுச் சின்னங்களைப் பற்றிப் படித்தவர்கள் அந்த விதிகளை இங்கே பொருத்திப் பார்க்க முயல்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மூன்று வேறுபாடுகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

1. காமோனுக்கு நிறம் கிடையாது. தங்கத்தில் பதித்தாலும் இரும்பில் துளையிட்டாலும் அது அதே சின்னம்தான். வடிவம் ஒன்றே அடையாளம்.

2. ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்னம் என்ற கணக்கும் கிடையாது. முறையான நிகழ்ச்சிகளுக்குரிய முதன்மைச் சின்னம் 'ஜோமோன்' எனப்படும். அதோடு ஒன்றோ பலவோ மாற்றுச் சின்னங்கள் இருக்கும், அவை 'கயெமோன்'. வாள் உறுப்புகளில் மாற்றுச் சின்னமே இடம்பெறுவதும் உண்டு.

3. ஒரு சின்னம் ஒரு குடும்பத்துக்கே உரியது என்று பதிவு செய்து காக்கும் பொது அலுவலகம் எதுவும் இருந்ததில்லை. எடோ காலத்தில் (1603–1868) விவசாயிகளும் வணிகர்களும் நடிகர்களும்கூடச் சின்னம் வைத்துக்கொண்டார்கள். குடும்பப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை இல்லாதவர்களுக்கும் சின்னம் வைத்துக்கொள்ளத் தடை இருக்கவில்லை. கண்டிப்பான விலக்கு, அந்தக் காலத்து ஷோகன்களின் குடும்பமான தொகுகாவாவின் 'அவோய்' இலைச் சின்னம்தான். அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவதை 1723-இல் ஷோகன் அரசு ஆணையிட்டுத் தடுத்தது.

வாளின் எந்த உறுப்பில் சின்னம் இருக்கிறது?

ஜப்பானிய வாளின் அலகு வேறு, அதன் அணிகள் வேறு. கைப்பிடி, உறை, உலோக உறுப்புகள் எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். பல தலைமுறை வாழ்ந்த ஓர் அலகு பல முறை உடை மாற்றியிருக்கும். ஆகவே சின்னம் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் சாட்சி வலிமை கூடும், குறையும்.

கைக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் காப்புத் தட்டு 'சுபா' எனப்படும். சுனாமி என்ற சொல்லின் முதலெழுத்தை நாம் எழுதும் முறையிலேயே இதையும் எழுதுகிறோம். நீண்ட வாளின் சுபா பெரும்பாலும் 7 முதல் 8 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. சேகரிப்பாளர்கள் மிகுதியாக விரும்புவது இதைத்தான். சாட்சி என்ற முறையில் மிகவும் நம்பத்தகாததும் இதுதான். சுபாவின் நடுவில் அலகின் வால் நுழையும் துளையை உற்றுப் பாருங்கள். துளையின் மேலும் கீழும் சிவந்த செம்புத் துண்டுகள் அடைக்கப்பட்டிருந்தால், அந்தச் சுபாவை ஓர் அலகுக்குப் பொருந்தும்படி இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். துளையின் ஓரத்தை அரத்தால் அகலப்படுத்திய தடமும் கூடவே இருந்தால், அது ஒரு வாளிலிருந்து இன்னொரு வாளுக்கு இடம் மாறியது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். அப்படி மாறிய சுபாவில் உள்ள சின்னம் இன்று அது பூட்டியிருக்கும் வாளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

கைப்பிடியின் வாய்ப்பகுதியில் இருக்கும் வளையம் 'ஃபுச்சி', நுனிமூடி 'கஷிரா'. இவை பெரும்பாலும் இணையாகச் செய்யப்பட்டவை. இணை பிரியாமல் ஒரே சின்னத்தோடு இருந்தால் மதிப்புக் கூடுதல். கைப்பிடிக் கயிற்றுக்குள் பாதி மறைந்திருக்கும் சிறு அணிகள் 'மெனுகி'. கயிறு ஒவ்வொரு முறை புதிதாகச் சுற்றப்படும்போதும் மெனுகி மாற வாய்ப்புண்டு. ஃபுச்சியில் ஒரு குடும்பச் சின்னமும் மெனுகியில் வேறொரு குடும்பச் சின்னமும் இருக்கும் வாள்கள் அப்படித்தான் உருவாகின்றன. உறையின் பக்கத்தில் செருகும் சிறு கத்தியின் பிடி 'கொசுகா', மறுபக்கத்தில் செருகும் ஊசி போன்ற கருவி 'கோகாய்'. மெனுகி, கொசுகா, கோகாய் மூன்றையும் ஒரே கைவேலையாகச் செய்து தருவது உயர்குடி வழக்கம்.

இவற்றைவிட உறுதியான சாட்சிகள் இரண்டு உண்டு. அலகின் அடியில் இறுகப் பிடிக்கும் உலோகப் பூண் 'ஹபாகி' ஒரே ஓர் அலகின் அளவுக்கென்று அடித்துச் செய்யப்படுவது; வேறு வாளில் அது ஒழுங்காகப் பொருந்தாது. அரக்குப் பூசிய உறையும் அலகின் வளைவுக்கேற்பக் குடையப்படுவது. ஹபாகியில் வெட்டிய சின்னமும் உறை அரக்கில் தங்கப்பொடியால் வரைந்த சின்னமும் ஃபுச்சியில் உள்ள சின்னமும் ஒன்றாகவே இருந்தால், அந்த வாள் முழுமையாக ஒரு குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது என்று பேசத் தொடங்கலாம்.

சின்னத்தைப் படிக்கும் வரிசை

ஜப்பானியச் சின்னப் பெயர்கள் நீளமாகத் தோன்றினாலும் அவை பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லும் விவரிப்புகள். 'வட்டத்துள் குறுக்கிட்ட பருந்திறகு' என்பது ஒரு சின்னத்தின் முழுப்பெயர். அசானோ குடும்பம் வைத்திருந்ததும் பருந்திறகு வகையே. பெயரை உருவாக்கும் அதே வரிசையில் நாமும் பார்க்க வேண்டும்.

1. கருப்பொருள். இலையா, பூவா, இறகா, விண்மீனா, கருவியா? பருந்திறகு, கிரி மரம் (பௌலோனியா), மொக்கோ என்ற மடல் வடிவம், கதபாமி என்ற புளியாரை, ஃபுஜி என்ற கொடிப்பூ (விஸ்டீரியா) ஆகிய ஐந்தும் மிகப் பரவலானவை என்பதால் 'ஐம்பெரும் சின்னங்கள்' என்றே ஜப்பானில் சொல்வார்கள். இந்த ஐந்தில் ஒன்றைக் கண்டால் குடும்பப் பெயரைச் சொல்லும் ஆசையை உடனே அடக்கிக்கொள்வது நல்லது.

2. எண்ணிக்கை. இலைகள் எத்தனை, வட்டங்கள் எத்தனை, இதழ்கள் எத்தனை? கிரிச் சின்னத்தில் மூன்று பூங்கொத்துகள் நிற்கும். நடுக்கொத்தில் ஐந்து பூவும் பக்கங்களில் மும்மூன்றும் இருந்தால் அது ஒரு வகை. நடுவில் ஏழும் பக்கங்களில் ஐந்தைந்தும் இருந்தால் அது இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் இன்று ஜப்பான் அரசின் சின்னம்.

3. அமைப்பு. தொங்குகிறதா, நிமிர்கிறதா? குறுக்கிடுகிறதா, எதிரெதிரே அணைகிறதா? தொங்கும் ஃபுஜிப் பூவும் நிமிரும் ஃபுஜிப் பூவும் வெவ்வேறு சின்னங்கள்.

4. சேர்க்கை. இலைகளுக்கு நடுவே வாள்முனை போன்ற கூர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? கதபாமி இலைகளுக்கிடையே கூர் சேர்ந்தால் அது 'வாள் கதபாமி'. ஷோனாய் பகுதியை ஆண்ட சகாய் குடும்பம் கூர் இல்லாத கதபாமியை வட்டத்துள் வைத்தது; ஹிமேஜியை ஆண்ட சகாய் கிளை வாள் கதபாமியை வைத்தது.

5. சட்டகம். சுற்றிலும் வட்டம் இருக்கிறதா, சதுரமா, ஒன்றுமில்லையா? வட்டம் தடிப்பா, நூல் போன்றதா? கிளைக் குடும்பங்கள் தாய்க் குடும்பத்திலிருந்து தம்மை வேறுபடுத்திக்கொள்ள ஒரு வட்டத்தைச் சேர்ப்பது மிக எளிய வழி. ஆனால் உலோகத்தில் இது ஒரு பொறி: சிறிய உறுப்பின் விளிம்பே வட்டம் போலத் தோன்றும், சில சமயம் கைவினைஞர் இடம் போதாமல் வட்டத்தை விட்டுவிட்டும் இருப்பார்.

6. நோக்குநிலை. இதை வரிசையில் கடைசியில் சொன்னாலும் தவறுகள் அதிகம் நிகழ்வது இங்கேதான். மோரி குடும்பத்தின் சின்னம் மேலே ஒரு கிடைக்கோடும் அதன்கீழ் மூன்று விண்மீன்களும். வதனாபே குடும்பத்தின் சின்னம் மேலே மூன்று விண்மீன்களும் அதன்கீழ் ஒரு கிடைக்கோடும். சுபாவின் விளிம்பைச் சுற்றி ஆரம்போல் அடுக்கிய சின்னங்களில் மேல் எது, கீழ் எது? மையத்தை நோக்கிய பக்கம்தான் கீழா? வேலைப்பாட்டின் மற்ற பகுதிகளோடு ஒப்பிடாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

முன்பக்கம் எது?

துளைவேலை செய்த சுபாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டை ஊடுருவிய வடிவம் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியும். ஹச்சிசுகா குடும்பத்தின் சின்னம் வட்டத்துள் 'மஞ்சி'. இந்தியாவில் தோன்றிப் பௌத்தத்தின் வழியே ஜப்பான் சேர்ந்த அதே ஸ்வஸ்திகம்தான் அது. இடம்புரி மஞ்சியும் வலம்புரி மஞ்சியும் வேறு வேறு. நீர்ச்சுழிக்கும் இதே விதிதான். எனவே எது முன்பக்கம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சுபாவின் முன்பக்கம் கைப்பிடியை நோக்கிய பக்கம். அலகு நுழையும் துளையின் குறுகிய முனை மேலே இருக்கும்படி சுபாவை நிறுத்துங்கள். கொசுகா நுழையும் அரைநிலா வடிவத் துளை இடப்புறமும், கோகாய் நுழையும் அலை விளிம்புத் துளை வலப்புறமும் வந்தால் நீங்கள் முன்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். கைவினைஞரின் கையொப்பம் இருந்தால் அதுவும் பொதுவாக இந்தப் பக்கத்தில்தான், நடுத்துளைக்கு இடப்புறம் இருக்கும்.

அடிக்கடி தடுமாற வைக்கும் ஒற்றுமைகள்

அவோயும் கதபாமியும். தொகுகாவா சின்னத்தில் இதய வடிவ இலைகள் மூன்று. கதபாமி என்பது புளியாரை. அதிலும் இதய வடிவ இலைகள் மூன்று. இரண்டிலும் இலைகளின் கூர்முனைகள் மையத்தில் கூடுகின்றன. தேய்ந்த பொருளில் இவற்றைப் பிரிக்க இலையின் காம்பைத் தேட வேண்டும். புளியாரை இலை அதன் கூர்முனையால் செடியோடு ஒட்டியிருப்பது. ஆகவே சின்னத்தில் வெளிப்புறம் இருக்கும் இதயப் பிளவு வெறுமையாக இருக்கும். அவோய் இலையின் காம்பு இதயப் பிளவிலிருந்து கிளம்புவது. ஆகவே பிளவுகள் வெளிவட்டத்தை ஒட்டியிருக்க, காம்புகள் அங்கிருந்து வளைந்து செல்லும். அவோய் இலையில் நரம்புகள் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். கதபாமியில் நடுக்கோடு ஒன்றே போதும். இங்கே ஒரு வேடிக்கை: சின்னத்துக்கு மூலமான காட்டுச்செடியின் தண்டில் வருவது இரண்டே இலைகள். கியோத்தோவின் கமோ கோவில்கள் இரண்டிலை வடிவையே வைத்திருக்கின்றன. மூன்றிலை வடிவம் வரைந்தவர்களின் கற்பனை.

வட்டங்களின் கூட்டம். ஒன்றைச் சுற்றி எட்டு வட்டங்கள் இருந்தால் அது 'குயோ'. அந்தச் சொல்லின் பொருள் ஒன்பது ஒளிகள். நம் கோவில்களில் சுற்றிவரும் நவக்கிரகங்களேதான். இந்தியச் சோதிடம் சீனாவின் வழியே பௌத்தத் தாந்திரிக மரபோடு ஜப்பானுக்குச் சென்றபோது ராகு 'ரகோ' ஆகவும் கேது 'கெய்தோ' ஆகவும் உடன் சென்றார்கள். ஒன்றைச் சுற்றி ஆறு இருந்தால் 'ஷிச்சியோ'. அமைச்சர் தனுமா ஒகித்சுகுவின் குடும்பத்தில் காணப்படுவது. ஒன்றைச் சுற்றி ஐந்து இருந்தால், அது ஆறு விண்மீனாகவும் இருக்கலாம், உமேபாச்சி எனப்படும் பிளம் பூவாகவும் இருக்கலாம். காகாவை ஆண்ட மயேடா குடும்பத்தின் உமேபாச்சியில் இதழ்களுக்கிடையே நடுவிலிருந்து சிறு கூர்கள் கிளம்பும். அந்தக் கூர்கள் தேய்ந்துவிட்டால் மிஞ்சுவது ஆறு வட்டங்கள் மட்டும். போதாக்குறைக்கு, கல்விக் கடவுளாக வணங்கப்படும் சுகவாரா மிச்சிசானேயின் தென்மான் கோவில்களும் பிளம் பூவையே சின்னமாகக் கொண்டவை.

வட்டத்துள் சிலுவை. ஷிமாசு குடும்பத்தின் இந்தச் சின்னத்தைக் கிறித்தவச் சிலுவை என்று எழுதும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. ஷிமாசு நாடான ககோஷிமாவில் பிரான்சிஸ் சேவியர் கரையிறங்கியது 1549-இல். குடும்பம் அந்தக் குறியை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பயன்படுத்தி வந்தது. பத்து என்ற எண்ணின் எழுத்து வடிவமும் அதுதான் என்பதால் ஜப்பானியர் அதை 'வட்டத்துள் பத்து' என்றே படிக்கிறார்கள்.

நான்கு சாய்சதுரங்கள். தாகெடா குலத்தின் சின்னத்தில் நான்கு சாய்சதுரங்களுக்கிடையே உள்ள இடைவெளி மயிரிழை போன்றது. அதே வடிவம் அகன்ற இடைவெளியோடு வந்தால் அது பொதுவான 'வாரிபிஷி'. இந்த வேறுபாடு அச்சில் தெளிவு. இரும்புச் சுபாவில் அரத்தின் தடிப்பே இடைவெளியைத் தீர்மானித்துவிடும் என்பதால், இங்கே உறுதியாகப் பேசுபவரை நான் நம்புவதில்லை.

சின்னம் போலத் தோன்றுபவை

பல சின்னங்கள் ஒரே தட்டில் இருந்தால் அது பெரும்பாலும் யாருடைய சின்னமும் அன்று. இரும்புச் சுபாவின் வட்டத்தைச் சுற்றி வெவ்வேறு மலர், இலை, சுழிச் சின்னங்களை ஊடுருவிய வில்லைகளாக வெட்டி, இடைவெளிகளைப் பித்தளைக் கொடிகளால் நிரப்பும் பாணி ஒன்று உண்டு. கொய்கே யோஷிரோ நவொமாசாவின் பெயரால் அது யோஷிரோ பாணி என்று அறியப்படுகிறது. எட்டுச் சின்னங்களையும் எட்டுக் குடும்பங்களாக வாசித்து, அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது என்பது வரை கதை கட்டுவோர் உண்டு. சின்ன வடிவம் அன்று அழகாகக் கருதப்பட்டது, ஆகவே செய்தார்கள் என்பதற்கு மேல் அங்கே பொருள் தேட வேண்டியதில்லை.

சொற்களாலும் குழப்பம் விளைகிறது. 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் குடும்பச் சின்னம் ஐந்து மடல் கொண்ட 'மொக்கோ' வகை. நான்கு மடல் கொண்ட சுபாவின் வெளிவடிவத்துக்கும் 'மொக்கோ வடிவம்' என்றே பெயர். பட்டியலில் 'மொக்கோ சுபா' என்றிருப்பதை ஓடா குடும்பத்தோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அதுபோலவே தனியே செதுக்கித் தளத்தில் பதிக்கும் உருவ வேலையை 'சுயெமோன்' என்பார்கள். அங்கே மோன் என்பது ஓர் உருவம் என்ற பொருளில்தான் வருகிறது. பதித்தது ஒரு குரங்காக இருந்தாலும் அது சுயெமோன்தான்.

யாருடையது என்ற கேள்வி

சின்னம் எதுவென்று உறுதியான பிறகும் அது உடைமையாளரைக் காட்டுவதாகக் கொள்ள முடியாததற்குக் காரணங்கள் பல.

முதலாவது, சின்னங்கள் பரிசாகப் பயணம் செய்தன. பேரரசர் கிரிச் சின்னத்தை அஷிகாகா ஷோகன்களுக்கு அளித்தார்; பின்னர் அதைப் பெற்ற, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டை ஆண்ட டொயொடோமி ஹிதெயோஷி தம் தளபதிகள் பலருக்கும் அளித்தார். கீழே இறங்க இறங்கப் பரவிய அந்தச் சின்னம், இன்று தங்கள் குடும்பச் சின்னம் தெரியாதவர்கள் வாடகைக் கிமோனோவில் அணியும் பொதுச் சின்னமாகவே ஆகிவிட்டது. ஷோகன்களுக்குப் பல தலைமுறை பணிசெய்த கோத்தோ உலோகக் கலைஞர் குடும்பம் பெரிய பொற்காசுகளிலும் கிரி முத்திரையைப் பொறித்தது. ஆகவே கிரி உள்ள மெனுகியை ஹிதெயோஷியோடு இணைப்பதற்கு அந்தக் கிரி மட்டும் போதவே போதாது.

இரண்டாவது, பொருள்களே பரிசாகச் சென்றன. தலைவரின் சின்னம் பொறித்த வாளைப் பெற்ற பணியாளர் அதைத் தம் குடும்பத்தின் பெருமையாகக் காப்பார். அவருடைய சின்னம் வேறாக இருக்கும். பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வழங்கியதும் கோவில்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்ததுமான அலங்கார வாள்களில் எல்லா உறுப்பிலும் சின்னம் நிறைந்திருக்கும். அதில் கொடுத்தவர் தெரிவார்; வைத்திருந்தவர் தெரியமாட்டார். மணமகள் பிறந்த வீட்டுச் சின்னத்தோடு கொண்டுவந்த சீர்ப்பொருள்களையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அவோய் இலையே ஆனாலும் அது ஷோகனைத்தான் குறிக்கும் என்பதில்லை. ஓவாரி, கீ, மிதோ ஆகிய மூன்று பெரிய கிளைகளும் மத்சுதைரா உறவுக் குடும்பங்களும் அதன் வகைகளைப் பயன்படுத்தின. இலை நரம்புகளின் எண்ணிக்கையும் இலையின் முன்புறம் பின்புறம் காட்டும் முறையும் கிளைக்கும் தலைமுறைக்கும் ஏற்ப மாறின. ஹொண்டா குடும்பத்துக்குத் தண்டோடு நிற்கும் அவோய் சின்னம் உண்டு. எச்சிசென் யசுத்சுகு என்ற கொல்லர் வழியினர் அலகின் வாலில் அவோயைப் பொறிக்க அனுமதி பெற்றவர்கள். அங்கே அது செய்தவரின் பெருமைக்குறி.

நான்காவது, வாளே ஒரு சாமுராயுடையதாக இருக்க வேண்டியதில்லை. எடோ காலத்தில் வணிகர்களும் பயணத்தின்போது குறுவாள் தரிக்கலாம். கைவேலையும் பணமும் மிகுந்த பல குறுவாள்களில் உள்ள சின்னம் ஏதோ ஒரு துணிக்கடைக்காரருடையதாக இருந்தால் வியப்பதற்கில்லை.

இவ்வளவுக்கும் நடுவே உதவக்கூடிய ஆவணம் ஒன்று உண்டு. எடோ காலத்தில் பதிப்பாளர்கள் அச்சிட்டு விற்ற 'புகான்' என்ற கையேடுகளில் ஒவ்வொரு நிலப்பிரபுவின் பெயர், வருமானம், மாளிகை, ஊர்வலத்தில் ஏந்தும் ஈட்டிகளின் உறை வடிவம் ஆகியவற்றோடு சின்னங்களும் படமாக இடம்பெற்றன. அவை தொடர்ந்து திருத்தி வெளியிடப்பட்டவை. ஆகவே வாள் உறுப்பின் காலத்தைக் கைவேலையைக் கொண்டு முதலில் கணித்து, அந்தக் காலத்துப் புகானில் தேடுவதே முறை. ஆனால் அதில் பிரபுக்களும் உயர் அதிகாரிகளும் மட்டுமே உண்டு. சாமுராய்களில் பெரும்பான்மையோருக்கு அதில் இடமில்லை.

பின்னாளில் ஏறிய சின்னங்கள்

1876-இல் பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்யும் ஆணை வந்தது. தேவை ஒரேயடியாக அற்றுப்போன உறுப்புகள் கழற்றி விற்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. வெளிநாட்டு வாங்குபவருக்கு தொகுகாவாவின் மூன்றிலைச் சின்னமும் பேரரசர் குடும்பத்தின் பதினாறு இதழ்ச் செவ்வந்தியும் பிடித்திருந்தன. பிடித்ததைச் சேர்த்துத் தருவதற்கு ஆட்களும் இருந்தார்கள்.

சேர்த்ததைக் கண்டுபிடிக்க ஃபுச்சியின் தளத்தைப் பார்க்க வேண்டும். உயர்ந்த வகை ஃபுச்சி பெரும்பாலும் 'ஷகுடோ' என்ற கலவையால் ஆனது. செம்பில் சிறிதளவு பொன் கலந்து, பக்குவப்படுத்திக் காக்கைச் சிறகு போன்ற நீலக்கருமையை வரவழைத்தது. அதன் தளம் முழுதும் மீன்முட்டை போன்ற நுண்புள்ளிகளை உளியால் வரிசையாக அடிப்பார்கள்; இதற்கு 'நனகோ' என்று பெயர். சின்னம் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் புள்ளி வரிசைகள் அதன் ஓரம் வரை நெருங்கிவந்து, விளிம்பை ஒட்டித் தம் அளவைச் சரிசெய்துகொள்ளும். பின்னர் ஒட்டியதென்றால் வரிசை குறுக்கே வெட்டுண்டு நிற்கும். பாதிப் புள்ளிகள் தங்கத்துக்கு அடியில் நுழையும். ஓரத்தில் கருமை கலைந்து செம்பின் சிவப்பு மெல்லிய கோடாகத் தெரியும். தேய்மானமும் ஒத்துப்போக வேண்டும்: கை படும் மேட்டில் நனகோ மழுங்கியிருக்க, அதைவிட உயர்ந்து நிற்கும் சின்னத்தின் நரம்புகள் மட்டும் கூர்மையாக இருந்தால் ஐயப்பட வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டு இராணுவ வாள்கள் தனிக்கதை. 1930-களுக்குப் பிந்தைய அதிகாரிகளின் வாள் கைப்பிடி நுனியில் சிறு வெள்ளிச் சின்னம் ஒன்றைக் காணலாம். அது உண்மையில் அந்த அதிகாரியின் குடும்பச் சின்னமே. ஆனால் 1875-இல் எல்லாக் குடிமக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வது கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அந்த அதிகாரியின் பாட்டனார் வயலில் உழுதவராகவும் இருக்கலாம். அங்கே கதபாமியைக் கண்டதும் சகாய் பிரபுவின் வழித்தோன்றல் என்று எழுதுவது, ஊரில் உள்ள எல்லா ராஜாக்களையும் அரண்மனையில் பிறந்தவர்கள் என்று எழுதுவதற்குச் சமம்.

ஓர் உறுப்பை வைத்துப் பார்த்தால்

கையில் ஒரு ஷகுடோ ஃபுச்சி இருப்பதாகக் கொள்வோம். நனகோ தளத்தில் தங்கத்தில் மூன்று இதய இலைகள், சுற்றிலும் வட்டம். விற்பவர் 'தொகுகாவா' என்று சீட்டு கட்டியிருக்கிறார். பூதக்கண்ணாடியில் வெளிப்புறப் பிளவுகள் வெறுமையாக இருக்கின்றன, காம்பு இல்லை, நரம்பு என்று ஒரே கோடு. அவோய் இல்லை, கதபாமி. இலைகளுக்கிடையே கூர் இருந்த தடம் எதுவும் இல்லை. புள்ளி வரிசை விளிம்பு வரை ஒழுங்காக வந்து நிற்கிறது. ஆகவே சின்னம் முதலிலிருந்தே இருந்தது. துணைக்குக் கஷிரா இல்லை, ஹபாகி இல்லை, உறை இல்லை, சேர்ந்து வந்த பெட்டியோ எழுத்தோ இல்லை. ஷோனாயின் சகாய் குடும்பத்தின் சின்னம் இதே வடிவம் என்பது உண்மை. ஐம்பெரும் சின்னங்களில் ஒன்று என்பதால் எண்ணற்ற மற்றக் குடும்பங்களின் சின்னமும் இதே வடிவம் என்பதும் உண்மை.

பழைய சீட்டை அவிழ்த்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியது இவ்வளவே: 'ஃபுச்சி, ஷகுடோ, நனகோ தளம், தங்கத்தில் வட்டத்துள் கதபாமி, எடோ காலம்.' குடும்பப் பெயருக்கான இடத்தில் ஒரு சிறு கோடு.